ஏழு பட்டறை: பிறர் வீட்டில் வளரும் பிள்ளைகளை நடுவில் வைத்த ஒரு பலகை விளையாட்டு

கைவினைச் சங்கங்களைக் களமாகக் கொண்டு நான் ஆடிய பலகை விளையாட்டுகளில் பிள்ளைகள் பெரும்பாலும் கூலியில்லாத கைகளாகவே வந்து போவார்கள். ஆசானுக்கு ஓர் எடுபிடிப் பையன் கிடைத்தால் ஒரு சுற்றில் கூடுதலாக ஒரு பானை வனையலாம், இருவர் கிடைத்தால் இரண்டு வனையலாம் என்ற கணக்கோடு அந்தப் பையனின் கதை முடிந்துவிடும். அவன் எங்கிருந்து வந்தான், இரவில் யார் பக்கத்தில் படுக்கிறான், பெற்றவளை எப்போது பார்ப்பான் என்று எந்த விதிநூலும் கேட்பதில்லை. ‘ஏழு பட்டறை’ கேட்கிறது. இதில் பானையும் துணியும் இரும்பும் பின்னணியில் நிற்க, ஒரு பிள்ளையை எந்த வீடு ஏற்கும், யார் பழக்குவார்கள், பெற்ற வீட்டுக்கும் வளர்த்த வீட்டுக்கும் இடையிலான வழி எவ்வளவு காலம் திறந்திருக்கும் என்பவையே ஆட்டத்தின் முதன்மைக் கேள்விகளாக இருக்கின்றன.

நாங்கள் நால்வர் இதை மூன்று முறை முழுமையாக ஆடியிருக்கிறோம். ஒரு முழு ஆட்டம் பதினாறு ஆண்டுகளின் கதை; ஓர் அமர்வில் ஐந்தாறு ஆண்டுகளைத்தான் கடக்க முடியும் என்பதால், ஒவ்வொன்றும் ஏறத்தாழ மூன்று மணி நேரம் நீளும் மூன்று அமர்வுகளை ஒதுக்க வேண்டும். எனக்கு இதில் சொந்த அக்கறை உண்டு என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் ஒரு சிறுமி வளர்ப்புப் பிள்ளையாக ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் இருந்து, பிறகு தன் தாயிடம் திரும்பினாள். ஆகவே இந்த ஆட்டத்தை வெறும் பொழுதுபோக்காக என்னால் மதிப்பிட முடியவில்லை. அதன் விதிகள் ஒரு பிள்ளைக்கு உண்மையாக இருக்கின்றனவா என்பதையே ஒவ்வொரு சுற்றிலும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கதைக்களம் ஒரு கற்பனை ஊர். ஆற்றின் இரு கரைகளிலும் தறி, உலை, மண்சக்கரம், சாயம், மரம், கண்ணாடி, தோல் என ஏழு பட்டறைகள் இருக்கின்றன. ஆடுவோர் ஆளுக்கொரு பட்டறை வீட்டை எடுத்துக்கொள்ள, எஞ்சியவற்றை அட்டைகள் நடத்துகின்றன. ஊருக்கு ஒரே ஒரு பழஞ்சட்டம் உண்டு: பெற்ற பட்டறையில் எந்தப் பிள்ளையும் தொழில் பழகக் கூடாது. ஏழு வயதில் அது வேறொரு பட்டறைக்குப் போக வேண்டும். முன்னொரு காலத்தில் பட்டறைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் அளவுக்குப் பகைத்திருந்தன என்றும், தன் பிள்ளை தூங்கும் கூரைக்கு யாரும் தீ வைக்க மாட்டார்கள் என்று எண்ணிய முதியவர்கள் இந்த ஏற்பாட்டைச் செய்தார்கள் என்றும் விதிநூலின் முதல் பக்கம் சொல்கிறது. பிள்ளைகளைப் பிணையாக வைத்துப் பெற்ற அமைதி அது. அந்தக் கசப்பை விதிநூல் மூடி மறைக்கவில்லை என்பதே இந்த ஆட்டத்தின்மேல் எனக்கு முதலில் மதிப்பை ஏற்படுத்தியது.

இது வெறும் கற்பனையும் அன்று. 1500ஆம் ஆண்டை ஒட்டி இங்கிலாந்தைக் கண்ட ஒரு வெனிஸ்காரர், அந்நாட்டவர் ஆணையும் பெண்ணையும் ஏழு அல்லது ஒன்பது வயதிலேயே பிறர் வீடுகளுக்கு அனுப்பி, மேலும் ஏழு அல்லது ஒன்பது ஆண்டுகள் அங்கே வேலை பழக விட்டுவிடுகிறார்கள் என்று வியந்தும் கடிந்தும் எழுதினார். நல்ல நடத்தையைக் கற்கத்தான் அனுப்புகிறோம் என்று அவரிடம் விடை சொல்லப்பட்டது. பெற்ற பிள்ளையைவிட அயலார் பிள்ளையிடம் கூடுதல் வேலை வாங்கலாம் என்பதே காரணம் என்று அவர் ஐயப்பட்டார். பழைய அயர்லாந்தின் சட்டங்களோ வளர்ப்பை இரண்டாகப் பிரித்தன: ஊதியம் கொடுத்து வளர்ப்பது ஒன்று, ஊதியமின்றி அன்பினால் வளர்ப்பது மற்றொன்று. ‘ஏழு பட்டறை’ இந்த அயர்லாந்து மரபை அப்படியே ஆட்ட விதியாக்கியிருக்கிறது. ஊதிய வளர்ப்பில் பெற்ற வீடு ஆண்டுதோறும் துணியோ இரும்போ கொடுத்துவிட்டு வேறு கடனின்றி இருக்கலாம். அன்பு வளர்ப்பில் எதுவும் கைமாறுவதில்லை, ஆனால் இரு வீடுகளும் ஒருவர் இழப்பில் மற்றவர் பங்கேற்க வேண்டும். எங்கள் முதல் ஆட்டத்தில் எல்லோரும் ஊதிய வளர்ப்பையே தேர்ந்தெடுத்தோம். அது கணக்குக்கு எளிது. மூன்றாம் ஆட்டத்தில் ஒருவர்கூட அதைத் தொடவில்லை.

அயர்லாந்தைப் பற்றி இன்னொரு செய்தியும் இங்கே பொருந்தும். அம்மா, அப்பா என்று குழந்தை கொஞ்சி அழைக்கும் சொற்களே அந்நாட்டுப் பழைய மொழியில் வளர்த்த தாயையும் தந்தையையும் குறிக்கும் சொற்களாக நிலைத்துவிட்டன. நம் மொழியிலும் பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலித்தாய் என இருவருக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. இரண்டிலும் தாய் என்ற சொல் தங்கியிருக்கிறது. இந்த ஆட்டத்தின் விதிநூல் ‘காப்பாளர்’, ‘பொறுப்பாளர்’ போன்ற அலுவலகச் சொற்களை நாடாமல், நற்றாய், செவிலி, வளர்ப்புத் தந்தை என்றே எழுதுகிறது. சொல் சரியாக அமைந்ததால் ஆடுவோரின் பேச்சும் மாறுவதை நான் கண்டேன். “உன் செவிலி அழைக்கிறாள்” என்று சொல்லிவிட்டு ஒரு பிள்ளையை வெறும் காயைப் போல நகர்த்துவது கடினம்.

பிள்ளைகளுக்கு இங்கே காய்கள் கிடையாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கயிறும் ஓர் ஏடும் தரப்படுகின்றன. கயிறு மெல்லிய பருத்தி நூலால் ஆனது; பெற்ற பட்டறையின் நிறத்தில் ஓர் இழையுடன் தொடங்கும். ஏழு வயதில் வளர்ப்பு வீட்டின் நிறத்தில் இரண்டாம் இழையை அதனோடு சேர்த்து முறுக்க வேண்டும். அந்த வீட்டின்மேல் பிள்ளைக்கு நம்பிக்கை பிறக்கும் ஒவ்வொரு முறையும் இரண்டு இழைகளையும் சேர்த்து ஒரு முடிச்சு போட வேண்டும். போட்ட முடிச்சை அவிழ்க்கவே கூடாது என்பது விதி. பிள்ளை மூன்றாவது வீட்டுக்கு மாற்றப்பட்டால் கயிறும் உடன் போகும். புதிய இழை சேரும், பழைய முடிச்சுகள் அப்படியே இருக்கும். இரண்டாம் ஆட்டத்தில் மூன்று வீடு மாறிய ஒரு பையனின் கயிறு பாதிக்கு மேல் முடிச்சே இல்லாமல் வழுவழுப்பாக இருந்தது. மேசையில் அதை எடுத்துப் பார்த்தவர்கள் எல்லோரும் சற்று நேரம் பேசாமல் இருந்தார்கள். எண்களால் குறித்திருந்தால் இந்த அமைதி வந்திருக்காது.

இந்தக் கயிற்றைப் பார்த்தபோதெல்லாம் லண்டனில் இருந்த ஒரு பிள்ளைகள் இல்லத்தின் ஆவணங்கள் நினைவுக்கு வந்தன. கைவிடப்பட்ட குழந்தைகளுக்காகத் தாமஸ் கோரம் என்பவர் நெடுங்காலம் முயன்று 1739இல் அரச பட்டயம் பெற்றுத் தொடங்கிய இல்லம் அது. 1741இல் முதல் குழந்தைகளை ஏற்றது. பின்னாளில் பெற்றவள் திரும்பி வந்தால் எந்தக் குழந்தை அவளுடையது என்று அறிய, அவளுடைய உடையிலிருந்தோ குழந்தையின் ஆடையிலிருந்தோ வெட்டிய ஒரு துணித்துண்டைச் சேர்க்கைத்தாளில் குத்தி வைத்தார்கள். அத்தகைய துண்டுகள் ஏறத்தாழ 5,000 இன்றும் இருக்கின்றன. 1741 முதல் 1760 வரை அங்கே சேர்க்கப்பட்ட பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளில் திரும்ப அழைத்துச் செல்லப்பட்டவர்கள் 152 பேர் மட்டுமே. இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரத்தில் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கென இருந்த இன்னொசெந்தி இல்லத்திலும் இதே வழக்கம் இருந்தது; குழந்தையோடு பாதியாக உடைத்த பதக்கத்தை விட்டுச் சென்ற தாய்மார் உண்டு. அந்த இல்லத்தைக் கட்டி நடத்தியது அரசும் அன்று, மடமும் அன்று, பட்டுத் தொழிலாளர் சங்கம். கட்டடக் கலைஞர் புரூனெல்லெஸ்கியின் வடிவமைப்பில் 1419இல் கட்டத் தொடங்கி, 1445 பிப்ரவரி 5 அன்று அகதா என்று பெயரிடப்பட்ட முதல் குழந்தையை ஏற்றார்கள். ஒரு கைவினைச் சங்கம் பிறர் பெற்ற பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பை எடுத்துக்கொண்டதற்கு இதைவிடப் பெரிய சான்றை நான் அறியேன். அங்கே வளர்ந்த ஆண்பிள்ளைகள் பட்டறைகளில் தொழில் பழகப் போனார்கள். பெண்பிள்ளைகளில் பலர் தறியிலும் பட்டிலும் உழைத்தார்கள். ‘ஏழு பட்டறை’யை உருவாக்கியவர்கள் இந்த வரலாற்றைப் படித்திருக்கிறார்களா என்று விதிநூல் எங்கும் சொல்லவில்லை, கயிற்றைக் கையில் எடுத்தால் படித்திருப்பார்கள் என்றே தோன்றுகிறது.

ஏடு பதினாறு பக்கம் கொண்டது. மூன்று வயது முதல் பதினெட்டு வரை ஆண்டுக்கு ஒரு பக்கம். ஒவ்வொரு ஆண்டின் முடிவிலும் பிள்ளையை அப்போது வளர்க்கும் வீட்டை ஆடுபவர் மூன்று வரிகள் எழுத வேண்டும்: இந்த ஆண்டு பிள்ளை கற்றது என்ன, இழந்தது என்ன, கேட்ட கேள்வி என்ன. முதல் இரண்டும் எளிதாக வரும். மூன்றாவதில் எல்லோரும் தடுமாறுவார்கள். கண்ணாடிப் பட்டறைக்கு வந்த எட்டு வயதுப் பெண்ணுக்காக எங்கள் குழுவில் ஒருவர் எழுதிய கேள்வி இது: “நான் இங்கே வந்த பிறகு என் பாயில் யார் படுக்கிறார்கள்?” அந்தக் கேள்விக்குப் பெற்ற வீட்டை ஆடுபவர் அடுத்த ஆண்டு விடை எழுத வேண்டும் என்பதும் விதி. எழுதாவிட்டால் எந்தத் தண்டமும் இல்லை; அந்த இடம் வெறுமையாக இருக்கும், அவ்வளவுதான். இக்கால வளர்ப்புப் பராமரிப்பிலும் பிள்ளைக்கென ஒரு வாழ்க்கைக் கதை ஏடு தொகுத்துக் கொடுக்கும் வழக்கம் உண்டு. எங்கே பிறந்தாய், யார் யார் வீட்டில் இருந்தாய், ஏன் மாற வேண்டியிருந்தது என்பவற்றைப் படங்களோடும் எளிய சொற்களோடும் அதில் சேர்ப்பார்கள். வீடு மாறி மாறிச் சென்ற பிள்ளைக்குத் தன் பழங்கதையைச் சொல்லக்கூடியவர் யாரும் அருகில் இல்லாமல் போகும் என்பதால் அந்த ஏடு தேவைப்படுகிறது. இந்த ஆட்டத்தின் ஏடு அந்தத் தேவையைச் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறது.

விதிகளுள் நான் மிகவும் மதிப்பது ‘அடம்’ அட்டையைப் பற்றியது. பருவ அட்டைகளுக்கு நடுவே ஆறு அடம் அட்டைகள் கலந்திருக்கும். அந்த அட்டை வரும்போது பிள்ளையின் கயிற்றில் இரண்டு முடிச்சுகளுக்குக் குறைவாக இருந்தால் எதுவும் நடக்காது. அட்டையைக் கட்டின் அடியில் செருகிவிட்டு, ஏட்டில் ‘அமைதியாக இருந்தாள்’ அல்லது ‘அமைதியாக இருந்தான்’ என்று எழுத வேண்டும். இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் பிள்ளை அடம்பிடிக்கும், பொருள் உடையும், ஒரு நாள் வேலை கெடும், வீடு ஒரு சரக்கை இழக்கும். அதோடு மேலும் ஒரு முடிச்சு விழும். முதன்முறை படித்தபோது எங்கள் குழுவில் ஒருவர் இதை அச்சுப்பிழை என்றே நினைத்தார். இழப்பு வந்தால் நம்பிக்கை எப்படிக் கூடும் என்று கேட்டார்.

எனக்கு அது பிழையாகத் தோன்றவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்த சிறுமி முதல் ஆண்டு முழுவதும் தண்ணீர் எடுக்கவும் அலமாரியைத் திறக்கவும் அனுமதி கேட்டாள். எதைக் கேட்டாலும் “பரவாயில்லை” என்று சொன்னாள். வந்தவர்கள் எல்லோரும் எவ்வளவு அடக்கமான பிள்ளை என்று பாராட்டினார்கள். நாங்களும் சில மாதங்கள் அதை நம்பினோம். ஒரு நாள் மாலை அவளுடைய பென்சில் பெட்டியை யாரோ இடம் மாற்றி வைத்துவிட்டார்கள் என்பதற்காக அவள் தொண்டை கிழியக் கத்தி, வீடே அதிரும்படி கதவை அறைந்து சாத்தினாள். கதவுக்கு வெளியே நின்றிருந்த எங்கள் இருவருக்கும் அழுகையும் நிம்மதியும் சேர்ந்து வந்தன. கோபப்பட்டால் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்ற அச்சம் அவளுக்கு அன்றுதான் விலகியிருந்தது. வளர்ப்புப் பிள்ளைகளோடு வாழ்ந்த பலரும் இப்படி ஒரு நாளைச் சொல்வார்கள். அதை ஒரு பலகை விளையாட்டின் விதியாக, அதுவும் இழப்பையும் முடிச்சையும் ஒரே அட்டையில் வைத்து எழுதியவர்களுக்கு நான் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

பட்டறைகளின் அமைப்பிலும் கவனம் தெரிகிறது. ஒவ்வொரு வீடும் அடுப்படி, முற்றம், பட்டறை என மூன்று கட்டங்களாக வரையப்பட்டு, நடுவே ‘பிள்ளைக்கோடு’ என்ற சிவப்புக் கோடு இடப்பட்டிருக்கிறது. சாயத்தொட்டியின் அருகே பத்து வயதுக்குக் கீழ்ப்பட்டவர் போகக் கூடாது. உலைக்களத்தில் பன்னிரண்டு வயது வரை துருத்தி ஊதலாம், சம்மட்டியைத் தொடக் கூடாது. கண்ணாடி ஊதும்போது ஆசானோடு பேசக் கூடாது. எந்த ஆசானும் ஒரே நேரத்தில் இரண்டு பிள்ளைகளுக்கு மேல் ஏற்க முடியாது. பாரிஸில் அரசரின் அதிகாரியாக இருந்த எத்தியென் புவாலோ 1268ஆம் ஆண்டை ஒட்டித் தொகுத்த பாரிஸ் தொழிற்சங்க விதிகளில், பல தொழில்களில் சொந்தப் பிள்ளைகளைத் தவிர ஒரே ஒரு பயிலுநரைத்தான் ஆசான் வைத்துக்கொள்ளலாம் என்றிருந்தது. போட்டியைக் கட்டுப்படுத்தும் நோக்கமும் அதில் இருந்தது என்றாலும், ஒருவர் எத்தனை பிள்ளைகளை உண்மையாகக் கவனிக்க முடியும் என்ற கேள்வியும் அதற்குள் இருக்கிறது.

குறைகளுக்கு வருகிறேன், அவை சிறியவை அல்ல. தோல் பட்டறையை அட்டைகள் நடத்தும்போது ‘கடுங்கை’ என்ற ஆசான் வரலாம். அவரிடம் இருக்கும் பிள்ளைக்கு முடிச்சு விழாது. ஏட்டில் மூன்றாம் வரியை எழுதக் கூடாது. பிள்ளை செய்யக்கூடியது ஒன்றே, ஓடிப்போவது. ஓடிவந்தால் பெற்ற வீடு சங்க மதிப்பை இழக்கும். கடுங்கை ஆசானுக்கு எந்த இழப்பும் இல்லை. அடிபட்டவரே தண்டம் கட்டும் இந்த விதியை நாங்கள் இரண்டாம் ஆட்டத்தில் முழுமையாகக் கடைப்பிடித்தோம். அந்த அமர்வு முடிந்ததும் யாருக்கும் அடுத்த நாளைக் குறிக்க மனம் வரவில்லை. பழங்காலத்தில் அப்படித்தான் இருந்தது என்று இதற்கு விடை சொல்ல முடியாது. பயிற்சிக்காலம் குறைந்தது ஏழு ஆண்டுகள் என்று வகுத்த 1563ஆம் ஆண்டின் இங்கிலாந்துச் சட்டம்கூட, ஆசான் கொடுமை செய்தால் பயிலுநர் நீதிபதிகளிடம் முறையிடவும், அவர்கள் அவனை ஒப்பந்தத்திலிருந்து விடுவிக்கவும் இடம் தந்தது. அந்த முறையீடு எத்தனை பேருக்குக் கைகூடியது என்பது வேறு. ஆனால் முறையிடுவதற்கு ஒரு கதவு இருந்தது. ஊரின் அமைதிக்காகப் பிள்ளைகளை இடம்மாற்றும் ஒரு கற்பனைச் சமூகம் அந்தக் கதவை வைக்க மறந்தால், அதன் அமைதிக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதை மறந்துவிட்டது என்றே பொருள்.

மூன்றாம் ஆட்டத்தில் நாங்கள் ஒரு விதியைச் சேர்த்தோம். நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை சங்கம் கூடும். பிள்ளையின் பெற்ற வீட்டையும் வளர்ப்பு வீட்டையும் ஆடாத மூன்றாமவர் ஏட்டை எடுத்து, அந்த நான்கு கேள்விகளையும் உரக்கப் படிப்பார். வெறுமையாக விடப்பட்ட வரி இருந்தால் அதையும் ‘இங்கே கேள்வி இல்லை’ என்று சொல்வார். இரண்டு வெறுமைகள் தொடர்ந்து வந்தால் பிள்ளை தண்டமின்றி வேறு வீடு கேட்கலாம், அந்த ஆசான் அதன்பின் பிள்ளைகளை ஏற்க முடியாது. தன்னைப் பாதிக்கும் முடிவுகளில் பிள்ளையின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு சொல்வதற்கு இது ஓர் எளிய வடிவம். இதற்குப் புதிய அட்டையோ பலகையோ தேவைப்படவில்லை. அடுத்த பதிப்பில் இதைப் போன்ற ஒன்றைச் சேர்க்குமாறு உருவாக்கியவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

மதிப்பெண் முறை இன்னொரு குறை. பதினெட்டு வயதில் ஒவ்வொருவரும் சங்கத்தின் முன் தன் தேர்வுப் படைப்பை வைக்க வேண்டும். அது ஏற்கப்பட்டால் வளர்த்த வீட்டுக்கு ஆறு புள்ளிகள், பெற்ற வீட்டுக்கு இரண்டு. தொழிலை விட்டு வேறு வழி போகும் பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. பதினாறு ஆண்டுகள் கயிற்றையும் கேள்வியையும் பார்த்துக்கொண்டிருந்த ஆட்டம் கடைசி அரை மணி நேரத்தில் எடுபிடிப் பையனைக் கொண்டு பானை எண்ணும் பழைய கணக்குக்கே திரும்பிவிடுகிறது. எங்கள் முதல் ஆட்டத்தில் வென்ற வீட்டில் வளர்ந்த இருவரின் கயிறுகளிலும் சேர்த்து மூன்றே முடிச்சுகள் இருந்தன. ஒன்பது முடிச்சு விழுந்த பெண் ஆற்றில் ஓடம் செலுத்தப் போய்விட்டதால் அவளை வளர்த்த வீடு தோற்றது. வெற்றி என்பதையே எடுத்துவிட்டு, எல்லா ஏடுகளையும் வரிசையாகப் படித்து முடிப்பது நல்லது என்று நான் நினைக்கிறேன். எங்கள் குழுவில் இருவருக்கு அது உடன்பாடில்லை. புள்ளிகள் இல்லாவிட்டால் கவனம் தளரும் என்கிறார்கள். முடிச்சுக்கு ஒரு புள்ளி, விடை எழுதப்பட்ட கேள்விக்கு ஒரு புள்ளி என்று இப்போதைக்கு ஒத்துக்கொண்டிருக்கிறோம்.

அடுப்படியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பலகையில் அது அழகாக வரையப்பட்டிருக்கிறது; ஆட்டத்தில் அதற்குச் செயலே இல்லை. பயிலுநருக்குச் சோறு போட்டதும், காய்ச்சலில் பார்த்துக்கொண்டதும், கிழிந்ததைத் தைத்ததும் பெரும்பாலும் ஆசானின் மனைவிமாரே. கணவன் இறந்தபின் பட்டறையையும் பயிலுநர்களையும் சேர்த்து நடத்திய கைம்பெண்கள் பல நகரங்களில் இருந்தார்கள். செவிலி என்ற சொல்லைச் சரியாகப் பிடித்த விதிநூல், அவள் செய்யும் வேலைக்கு ஒரு அட்டைகூட ஒதுக்காதது எனக்கு வருத்தமே.

பதினான்கு வயதில் வரும் ‘திரும்பும் பருவம்’ என்ற பகுதியைத் தனியாகப் பாராட்ட வேண்டும். அந்த ஆண்டு பிள்ளை பெற்ற வீட்டுக்குத் திரும்பலாம், வளர்த்த வீட்டிலேயே இருக்கலாம், அல்லது பருவந்தோறும் இரண்டுக்கும் மாறி மாறிப் போகலாம். எதைத் தேர்ந்தாலும் கயிறு வெட்டப்படாது. நான் முன்னே சொன்ன லண்டன் இல்லத்தில் குழந்தைகளை முதலில் நாட்டுப்புறச் செவிலிகளிடம் அனுப்பி, ஐந்து வயதளவில் இல்லத்துக்குத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அவர்கள் அறிந்த ஒரே தாயிடமிருந்து பிரிக்கப்பட்டது அப்போதுதான். நல்ல நோக்கத்தோடு செய்யப்பட்ட அந்த இரண்டாம் பிரிவைப் பற்றி நினைக்கும்போது, எங்கள் வீட்டுச் சிறுமி தன் தாயிடம் திரும்பிய நாள் எனக்குள் வருகிறது. அவள் தாய் வாசலில் நின்று எங்களிடம் கேட்ட முதல் கேள்வி, இரவில் விளக்கை எரியவிட வேண்டுமா என்பதே. வேண்டும் என்றோம். அந்த ஒரு கேள்வியால் எங்களுக்கும் அவளுக்கும் இடையே தொடர்பு இன்றுவரை நிற்கிறது. ஆட்டத்திலும் திரும்பும் பிள்ளையோடு வளர்த்த வீடு ஏட்டில் ஒரு வரி எழுதிக் கொடுக்க வேண்டும்: ‘இவளுக்குப் பழகியது என்ன’. அந்த வரியை யார் சிந்தித்தார்களோ அவர்கள் ஒரு பிள்ளையை அனுப்பி வைத்தவர்களாகவோ, அனுப்பப்பட்ட பிள்ளையாகவோ இருந்திருப்பார்கள் என்று நம்புகிறேன்.

பொருளின் தரம் பொதுவாக நன்று. பலகை தடிமனானது, மடிப்பில் தேயவில்லை. நூல்கள் சாயம் விடவில்லை. ஏட்டின் தாள்தான் மெல்லியது; பேனா மை மறுபக்கம் தெரிவதால் பென்சிலால் எழுதுவது நல்லது. விதிநூலின் எழுத்துகள் சிறியவை, பொருளகராதி இல்லை. அன்பு வளர்ப்பில் இழப்பை எப்படிப் பங்கிடுவது என்பது மூன்று இடங்களில் சிதறிக் கிடக்கிறது. பெட்டியின்மேல் பன்னிரண்டு வயது என்று போட்டிருக்கிறார்கள். ஆனால் காய்ச்சல் அட்டைகளில் ஒன்று ஒரு பிள்ளையின் இறப்பில் முடியலாம், அந்த ஏட்டை மூடிவைக்கச் சொல்கிறது. கடுங்கை ஆசானும் இருக்கிறார். சிறுவர்களோடு ஆடுவதாக இருந்தால் இவ்விரண்டையும் முன்பே எடுத்துவிடுங்கள். தானே வீடு மாறி வாழ்ந்த ஒரு பிள்ளை மேசையில் இருந்தால், ஆடலாமா என்பதை அந்தப் பிள்ளையிடமே கேட்டு முடிவு செய்யுங்கள். எங்கள் சிறுமியிடம் நான் இன்னும் இதைக் காட்டவில்லை.

பெட்டியில் இருபத்துநான்கு ஏடுகள் இருந்தன. நால்வர் ஆடும் ஓர் ஆட்டத்துக்கு எட்டு ஆகும் என்பதால், மூன்று ஆட்டங்களோடு எங்கள் பெட்டி தீர்ந்துவிட்டது. வெற்று ஏடுகளைத் தனியாக வாங்கும் வழி இன்னும் இல்லை. எழுதியவற்றை எறிய யாருக்கும் மனம் வராததால் அவை என் அலமாரியில் கயிறுகளோடு அடுக்கப்பட்டிருக்கின்றன. நான்காம் ஆட்டத்துக்குச் சாதாரணக் குறிப்பேடுகளைத் தைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது, எங்களில் ஒருவர் புதிய ஆசான் அட்டையை எடுக்கவில்லை. அலமாரிக்குப் போய், ஒன்பது முடிச்சோடு ஓடம் செலுத்தப் போன அந்தப் பெண்ணின் ஏட்டை எடுத்துவந்து, அவளுக்கு இப்போது முப்பது வயது, தன் வீட்டில் ஒரு பிள்ளையை வைத்துக்கொள்ள விரும்புகிறாள், ஓடத்துறையை எட்டாவது பட்டறையாக ஏற்பீர்களா என்று கேட்டார். விதிநூலில் அதற்கு இடம் இல்லை. நாங்கள் ஏற்றுக்கொண்டோம்.